எடை நின்றுவிட்டதா? பேரியாட்ரிக் அறுவைக்குப் பின் வரும் தேக்கத்தைக் கையாளும் முறை

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் இரண்டு வாரங்களில் மளமளவென்று இறங்கிய எடை, மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலையில் நின்றுவிடுகிறது. மறுநாளும் அதே எண். அதற்கடுத்த நாள் 200 கிராம் கூடியே இருக்கிறது. பருப்புத் தண்ணீரும் மோரும் மட்டுமே குடித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது எப்படி நடக்கிறது என்று புரியாது. அந்தக் குழப்பத்தில் பலர் எடுக்கும் முடிவு, குடிக்கிற கொஞ்சத்தையும் பாதியாகக் குறைப்பது. அந்த முடிவு தவறு. தேக்கத்தை நீட்டிப்பதும் பல நேரங்களில் அதுதான்.

எடை நிற்பதற்கு ஒரே காரணம் கிடையாது. மூன்றாம் வாரத்தில் நிற்பதற்குக் காரணம் வேறு, ஆறேழு மாதத்தில் நிற்பதற்குக் காரணம் வேறு, ஒன்றரை ஆண்டு கழிந்து நிற்பதற்குக் காரணம் வேறு. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ், இரைப்பையில் ஒரு சிறு பையை அமைத்து அதை நேரே குடலோடு இணைக்கும் பைபாஸ், அதன் எளிய வடிவமான மினி பைபாஸ் என எந்த முறையில் அறுவை நடந்திருந்தாலும் இது பொருந்தும். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு செய்ய வேண்டியதைத் தேடுவதே சரியான வரிசை. கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன.

முதல் படி: உண்மையில் நின்றிருக்கிறதா என்று பாருங்கள்

எடை பார்க்கும் இயந்திரத்தை வாரத்துக்கு ஒரு முறை மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே கிழமையில், காலையில், கழிப்பறைக்குச் சென்று வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், ஏறக்குறைய ஒரே எடையுள்ள உடையில், ஒரே இயந்திரத்தில் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு முறை, மருந்துக்கடை வாசலில் ஒரு முறை, மருத்துவமனையில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்த்து அந்த எண்களை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை. இயந்திரத்தைக் கம்பளம், மிதியடி போன்றவற்றின் மேல் வைக்காமல் வெறும் தரையில் வையுங்கள்.

கூடவே ஒரு தையல்காரர் டேப் வாங்கிக்கொள்ளுங்கள். கழுத்து, மேற்கை, தொப்புள் மட்டத்தில் வயிறு, இடுப்பின் அகன்ற பகுதி, தொடை ஆகிய ஐந்து அளவுகளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எழுதி வைத்தால் போதும். எடை அசையாத வாரங்களில் வயிற்றின் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருப்பது அரிதான செய்தி அன்று. அப்படிக் குறைந்திருந்தால் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. நீர் அதை மறைக்கிறது.

நீர் தங்குவதற்குக் காரணங்கள் பல. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு ஒன்றிரண்டு கிலோ கூடி, பின்னர் தானாக இறங்கும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றின் உப்பும், புதிதாகத் தொடங்கிய பளு தூக்கும் பயிற்சியால் தசைக்குள் சேரும் நீரும் அப்படியே. மலச்சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அறுவைக்குப் பின் நீரும் நார்ச்சத்தும் குறைவதாலும் இரும்புச்சத்து மாத்திரையாலும் அது மிகச் சாதாரணமாக வருகிறது. எனவே நான்கு வாரங்கள் தொடர்ந்து எடையும் டேப் அளவும் இரண்டுமே அசையாமல் இருந்தால் மட்டுமே அதைத் தேக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் நின்றதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

இரண்டாம் படி: எந்தக் கட்டத்துத் தேக்கம் என்று அறியுங்கள்

மூன்றாம் வாரத்தை ஒட்டி வருவது ஏறக்குறைய எல்லோரும் சந்திப்பது. நம் கல்லீரலிலும் தசைகளிலும் சுமார் 500 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். அறுவைக்குப் பின் உணவு திடீரெனக் குறையும்போது உடல் முதலில் இந்தச் சேமிப்பைக் கரைக்கிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. முதல் வாரங்களின் அபார இறக்கத்தில் ஒரு பெரும் பங்கு இதுவே. பிறகு திரவ உணவிலிருந்து மசித்த உணவுக்கு மாறும்போது சேமிப்பின் ஒரு பகுதி மீண்டும் நிரம்பி, நீரும் திரும்பி வருகிறது. அதே நாட்களில் கொழுப்பு கரைந்தாலும், வந்த நீரும் போன கொழுப்பும் சமமாகிவிடுவதால் இயந்திரத்தின் எண் நகர்வதில்லை. இதற்குச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. மருத்துவமனையில் கொடுத்த உணவுத் தாளை அப்படியே பின்பற்றி, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் மற்ற படிகளைப் படித்து வைத்துக்கொள்ளலாம். செயல்படுத்த அவசரப்பட வேண்டியதில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து ஓராண்டு வரை வருவது வேறு கணக்கு. 40 வயது, 160 சென்டிமீட்டர் உயரம், 120 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உணவியலில் பரவலாகப் பயன்படும் மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, அவர் அசையாமல் படுத்திருந்தாலும் அவருடைய உடல் நாளொன்றுக்குச் சுமார் 1840 கலோரி செலவிடும். அவரே 90 கிலோவுக்கு வந்ததும் அந்தச் செலவு ஏறக்குறைய 1540 ஆகிவிடுகிறது. எதுவும் மாறாமலேயே நாளுக்கு 300 கலோரி குறைந்துவிட்டது. நடக்கும்போது சுமக்க வேண்டிய உடலும் இலேசாகிவிட்டதால் நடையின் செலவும் குறைகிறது. இவற்றுக்கு மேல், எடை இழக்கும் உடல் சூத்திரம் சொல்வதைவிடச் சற்றுக் கூடுதலாகவே சிக்கனம் பிடிக்கிறது. இன்னொரு பக்கம், அறுவையின் வீக்கம் வடிந்து, வயிறு பழகி, முதல் மாதத்தில் நான்கு கரண்டியோடு நின்ற உணவு இப்போது ஒரு சிறு கிண்ணமாகியிருக்கும். வரவு கூடுகிறது, செலவு குறைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் எடை நிற்கிறது. இந்தக் கட்டத்தில்தான் நம் முயற்சிக்குப் பலன் அதிகம். கீழே வரும் படிகள் முக்கியமாக இவர்களுக்கானவை.

மூன்றாவது வகை, 12 முதல் 18 மாதம் கழித்து, சிலருக்கு இரண்டாண்டு கழித்து வருவது. பெரும்பாலும் அது தேக்கமே அன்று. உடல் தன் புதிய எடையில் அமர்ந்துவிட்டது என்பதன் அடையாளம். அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

மூன்றாம் படி: ஏழு நாள் நோட்டு

ஒரு வாரத்துக்கு மட்டும், வாயில் போகும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கைப்பேசிச் செயலியில் எழுதலாம். நாற்பது பக்க நோட்டிலும் எழுதலாம். நேரம், என்ன, எவ்வளவு, ஏன் என்ற நான்கு கட்டங்கள் போதும். "ஏன்" என்ற கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பசித்ததா, நேரமாகிவிட்டது என்பதாலா, குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததாலா, பக்கத்து மேசைக்காரர் பிறந்தநாள் கேக் நீட்டியதாலா என்று எழுதினால், வார இறுதியில் நோட்டே பேசத் தொடங்கிவிடும்.

அளவை நினைவிலிருந்து எழுதாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே எவர்சில்வர் கிண்ணத்தையும் ஒரே கரண்டியையும் அந்த வாரம் முழுவதும் பயன்படுத்துங்கள். தாளிப்பு எண்ணெயை மறக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. நாளுக்கு ஆயிரம் கலோரியில் வாழ்கிற ஒருவருக்கு அது எட்டில் ஒரு பங்கு. சமைக்கும்போது சுவை பார்த்ததும், நின்றுகொண்டே வாயில் போட்ட நான்கு முந்திரியும் நோட்டில் இடம்பெற வேண்டும். இதைக் குற்ற விசாரணையாக நினைக்காமல், குடும்ப வரவு செலவு எழுதுவது போல் எழுதினால் எரிச்சல் வராது.

நான்காம் படி: புரதத்தைக் கணக்கிடுங்கள்

நோட்டு கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம், பலருக்கு 60 முதல் 80 கிராம் வரை என்பது அறுவைக்குப் பின் பொதுவாகத் தரப்படும் இலக்கு. உங்களுக்கான எண்ணை உங்கள் உணவியல் நிபுணர் சொல்வார். இலக்கை எட்டாதவர்களின் உடல், கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கிறது. தசை குறைந்தால் மேலே பார்த்த 1540 இன்னும் கீழே போகும். பயந்து குறைவாகச் சாப்பிடுபவர்களின் எடை பிடிவாதமாக நிற்பதற்கும், அவர்கள் மாடி ஏறவே சோர்ந்துபோவதற்கும் பின்னால் பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறை இருக்கும்.

நம் வீட்டுச் சமையலில் புரதம் பற்றி ஒரு மயக்கம் உண்டு. சாம்பாரில் பருப்பு இருக்கிறது, இட்லியில் உளுந்து இருக்கிறது, ஆகவே போதுமான புரதம் கிடைக்கிறது என்று நினைக்கிறோம். ஓர் இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு கிராம். நீர்க்க வைத்த சாம்பார் ஒரு கரண்டியிலும் அதற்கு மேல் இராது. அறுவை செய்த வயிறு ஒன்றரை இட்லியில் நிறைந்துவிடும் என்பதால், இட்லியும் சாம்பாரும் காலை உணவை முடித்துவிட்டு ஐந்து கிராம் புரதத்தோடு எழுந்துவிடும். ரசம் சாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எதில் எவ்வளவு என்று ஒரு முறை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் போதும். ஒரு முட்டையில் ஆறு கிராம். சமைத்த மீன் 100 கிராமில் இருபதுக்குச் சற்று மேல். தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி சமைத்தபின் 100 கிராமில் சுமார் 30. பன்னீர் 50 கிராமில் ஒன்பது. உலர்ந்த மீல் மேக்கர் 30 கிராமில் 15. தயிர் ஒரு கிண்ணத்தில், அதாவது 150 கிராமில், ஐந்து. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு சிறு கிண்ணத்தில் ஐந்து அல்லது ஆறு.

ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒருவர் இப்படித் திட்டமிடலாம்: காலையில் எழுந்ததும் சர்க்கரை சேர்க்காத பாலில் ஒரு கரண்டி புரோட்டீன் பவுடர், காலை உணவாக ஒரு முழு முட்டையும் ஒரு வெள்ளைக்கருவும், விரும்பினால் அரைத் தோசையும், மதியம் 75 கிராம் மீன், பிறகு காய், அதற்குப் பிறகு இடமிருந்தால் இரண்டு கரண்டி சோறு, மாலையில் சுண்டல், இரவில் 50 கிராம் பன்னீர் அல்லது சிறிது கோழிக்கறி. இது 65 கிராமைத் தாண்டிவிடும். சைவ உணவு உண்பவர்களுக்கு இது கடினம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் பவுடரை நாளுக்கு இரு முறை எடுத்துக்கொள்வதும், கட்டியான பருப்பு, பன்னீர், மீல் மேக்கர், துணியில் வடிகட்டிய தயிர் ஆகியவற்றைச் சுழற்சியில் வைப்பதும் உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தட்டில் வரிசையும் முக்கியம். முதலில் புரதம், இரண்டாவது காய், மூன்றாவதுதான் சோறோ சப்பாத்தியோ. இலையில் சோற்றை முதலில் குவித்துப் பழகிய நமக்கு இது தலைகீழ்ப் பழக்கமாகத் தோன்றும். ஆனால் இடம் மிகக் குறைவாக உள்ள வயிற்றில் யார் முதலில் உட்கார்கிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திருமணப் பந்தியில் இதைக் கடைப்பிடிக்க முடியாது என்பதால், வீட்டிலேயே புரதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பந்திக்குப் போவது நல்ல உத்தி.

ஐந்தாம் படி: குடிப்பவற்றையும் கரைபவற்றையும் தேடிப் பிடியுங்கள்

அறுவை, வயிற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. பைபாஸ் முறையில் உணவு முதலில் விழும் பை 30 மில்லி அளவிலேயே இருக்கும். அந்தத் தடை கெட்டியான உணவுக்கு மட்டுமே வேலை செய்யும். திரவமும், வாயிலேயே கரைந்து குழம்பாகும் பண்டங்களும் அதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். இவற்றை "ஸ்லைடர்" உணவு என்பார்கள். தேநீரில் நனைத்த பிஸ்கட், முறுக்கு, மிக்சர், சிப்ஸ், ஐஸ்கிரீம், பாயசம், பழச்சாறு எல்லாம் இந்த வகை. கோழிக்கறி ஐந்து துண்டில் போதும் என்று சொல்லும் அதே வயிறு, ஒரு பொட்டலம் மிக்சரை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்ளும். 100 கிராம் முறுக்கு அல்லது மிக்சர் ஏறத்தாழ 500 கலோரி.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலின் தலைமை இடம் தேநீருக்கும் காப்பிக்கும் உரியது. பாலும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் தேநீர் சுமார் 80 கலோரி. நான்கு டம்ளர் என்றால் 320. மேலே சொன்ன பெண்ணின் உடல் இழந்த 300 கலோரிச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழாம் மாதத்துத் தேக்கம் முழுவதையும் இந்த நான்கு டம்ளர்களே விளக்கிவிடக் கூடும். தேநீரையே விட்டுவிடச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. சர்க்கரையை நிறுத்தி, பாலைக் குறைத்து, எண்ணிக்கையை இரண்டாக்குவது நடக்கக் கூடியது. உணவோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் தேநீரைச் சேர்க்காதீர்கள். அது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்.

மது அருந்துபவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 60 மில்லி மதுவில் சுமார் 140 கலோரி இருக்கிறது. உடன் வரும் குளிர்பானமும் வறுத்த பண்டமும் தனிக் கணக்கு. அறுவைக்குப் பின் மது இரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறுவதால், பழைய அளவு இப்போது பழைய அளவே அன்று.

தண்ணீரைப் பொறுத்தவரை நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், சிறு சிறு மிடறுகளாகக் குடிக்க வேண்டும். சாப்பிடும்போதும் சாப்பிட்ட பின் அரை மணி நேரத்துக்கும் தண்ணீரைத் தள்ளி வைக்கப் பெரும்பாலான மையங்கள் அறிவுறுத்துகின்றன. சாதத்தில் மோரை ஊற்றிக் கரைத்துக் குடிக்கும் பழக்கம் இங்கேதான் இடிக்கிறது. கெட்டியான உணவைக்கூட அது திரவமாக்கி அனுப்பிவிடுகிறது.

ஆறாம் படி: தசைக்கு வேலை கொடுங்கள்

நடைப்பயிற்சி தேவைதான், வாரத்துக்கு 150 நிமிடத்தில் தொடங்கி, மெல்ல 300 நிமிடம் வரை உயர்த்தலாம். ஆனால் தேக்கத்தில் இருப்பவர்களில் பலர் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது தசைப் பயிற்சி. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இருபது நிமிடம் போதும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, மாடிப்படி ஏறுவது, இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவற்றுக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. அறுவை முடிந்த முதல் ஆறு வாரங்களில் மட்டும், மருத்துவர் அனுமதிக்கும் வரை, கனமானவற்றைத் தூக்கக் கூடாது. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் எடை சற்றுக் கூடலாம்; அது தசையில் சேரும் நீர்.

முழங்கால் வலி தடுக்கிறது என்றால் நீச்சலோ, நாற்காலியில் அமர்ந்தபடி செய்யும் பயிற்சியோ செய்யலாம். கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு அந்த மாத்திரைகள் இரைப்பைப் பையும் குடலும் இணையும் இடத்தில் புண்ணை உண்டாக்கக் கூடியவை.

ஏழாம் படி: மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

உணவும் பயிற்சியும் சரியாக இருந்தும் நான்கு வாரம் கடந்து எடை அசையவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுவே. இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் போன்ற நீரிழிவு மருந்துகள் எடை கூடத் துணைபோகக் கூடும். அறுவைக்குப் பின் பலருக்கு இவற்றின் தேவை குறைந்துவிடுகிறது. அளவைக் குறைக்காமல் தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, இனிப்பைத் தேடிச் சாப்பிட வேண்டியதாகிவிடும். மனநலக் கோளாறு, நரம்பு வலி, வலிப்பு போன்றவற்றுக்குத் தரப்படும் ஓலான்சபின், மிர்ட்டசபின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் ஆகியவையும் ஸ்டீராய்டுகளும் எடையைப் பிடித்து நிறுத்தக் கூடியவை. மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாமல் விற்கப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மருத்துவர் எழுதித் தந்த எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலோடு போய்க் கேளுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் செய்யும் ஒரு தவறு தனியாகச் சொல்லத் தக்கது. காலையில் ஒரே மிடறில் தைராக்சின், கால்சியம், இரும்பு மூன்றையும் விழுங்கிவிடுகிறார்கள். கால்சியமும் இரும்பும் தைராக்சினை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாதது போலாகிறது. தைராக்சினை வெறும் வயிற்றில் தனியாகவும், மற்ற இரண்டையும் நான்கு மணி நேரமாவது கழித்தும் எடுக்க வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள்.

இரத்தப் பரிசோதனைகள் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுதோறும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, இரத்தப் புரதமான அல்புமின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவை பட்டியலில் இருக்கட்டும். இரத்தசோகை உள்ளவர் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார். அவருடைய தேக்கத்துக்கு விருப்பமின்மையைக் காரணமாகச் சொல்வது அநியாயம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு கூடுகிறது. பல ஆண்டுகள் ஒழுங்கற்றிருந்த மாதவிடாய் சீராவதுண்டு. நின்றுபோன எடையோடு மாதவிடாயும் தள்ளிப்போயிருந்தால், முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வது வழக்கம். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு முறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

வயிற்றை "ரீசெட்" செய்கிறோம் என்று ஐந்து நாள் மீண்டும் திரவ உணவுக்குப் போகும் முறை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அதில் முதலில் போவது மேலே சொன்ன கிளைக்கோஜனும் நீரும்தான். வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அவையும் திரும்பிவிடும். இரைப்பை ஐந்து நாளில் சுருங்கிப் புதிதாவதில்லை.

விரதமும் அப்படியே. சஷ்டி, கார்த்திகை, ரமலான், தவக்காலம் என்று எதுவானாலும், முதல் ஆண்டில் நீண்ட நேரம் தண்ணீரும் புரதமும் இல்லாமல் இருப்பது நீரிழப்பையும் தசை இழப்பையும் தரும். முன்கூட்டி மருத்துவரிடம் பேசி, உடல்நிலை பொறுத்து விலக்கோ மாற்றோ பெற்றுக்கொள்ளுங்கள். சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றும் பழக்கம் தொடங்கியிருந்தால் அதை யாரிடமும் மறைக்காதீர்கள்; மனநல உதவி தேவைப்படும் நிலை அது.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்

தேக்கத்துக்காக யாரும் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஓரிரு நாளுக்கு மேல் தொடரும் வாந்தி, தண்ணீரும் இறங்காத நிலை, கடுமையான வயிற்று வலி, கறுத்த மலம், நடையில் தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சில் குழப்பம் ஆகியவை வந்தால் அன்றே போக வேண்டும். கடைசி மூன்றும் தயாமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்துபோனதன் அறிகுறியாக இருக்கலாம். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படும்.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு

இந்தக் கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி, எடை ஏன் நின்றது என்பதைவிட, எங்கே நின்றது என்பதே. நம் உதாரணப் பெண் 120 கிலோவிலிருந்து 84 கிலோவில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த எடையில் 30 சதவீதம் குறைந்திருக்கிறது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 25 என்ற அளவுக்கு அவர் உயரத்தில் 64 கிலோ. ஆக அவருடைய அதிகப்படி எடை 56 கிலோ, அதில் 36 கிலோவை, அதாவது 64 சதவீதத்தை, இழந்திருக்கிறார். அறுவை நிபுணரின் கண்ணில் இது நல்ல வெற்றி. அவர் மனத்தில் இருந்த எண் 60 என்றால் அவருக்கு மட்டும் அது தோல்வியாகத் தெரியும். அறுவைக்கு முன்பே இந்தக் கணக்கை யாராவது தாளில் போட்டுக் காட்டியிருந்தால் பல கண்ணீர்கள் மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

பின்னர் சிறிது எடை திரும்புவதும் எதிர்பார்க்கத் தக்கதே. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் வரை குறைந்து, பத்தாம் ஆண்டில் 25 சதவீதக் குறைவில் இருந்தார்கள்.

இழப்பு மிகக் குறைவாகவே நின்றுவிட்டாலோ, இழந்ததில் பெரும்பகுதி திரும்பிக்கொண்டிருந்தாலோ, நீரிழிவு மறுபடி தலைதூக்கினாலோ, மருத்துவர் எண்டோஸ்கோப்பியும் மாறுபாட்டு மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் செய்து, பை விரிந்துவிட்டதா, பைக்கும் ஒதுக்கிவிட்ட இரைப்பைக்கும் இடையில் புதிய வழி எதுவும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். லிராகுளுடைடு, செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற, பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகள் இப்போது இந்த இடத்தில் பயன்படுகின்றன. மறு அறுவைக்கு முன் அவற்றைப் பரிசீலிப்பது நியாயம். மறு அறுவையில் முதல் அறுவையைவிடச் சிக்கல்கள் அதிகம் என்பதால், முதல் ஆண்டுத் தேக்கத்துக்கு அதைப் பற்றிப் பேசுபவரிடம் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டே முடிவெடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஏழு நாள் நோட்டு, டேப் அளவுகள் எழுதிய தாள், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். "ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன், டாக்டர்" என்று சொல்வதற்குப் பதில் நோட்டை மேசையில் வையுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் அவர் பார்க்க வேண்டியவை அதில் இருக்கும்.